தைராய்டா, பாலா: ஈராண்டுக் குழப்பம் அவிழ்ந்த விதம்

2022ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில்தான் உடம்பில் ஏதோ சரியில்லை என்பதை நான் முதன்முதலாக ஒப்புக்கொண்டேன். கும்பகோணத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன்; அப்போது வயது 37. இரண்டாம் பாடவேளையிலேயே மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைக்கும் களைப்பு, சீப்பு நிறைய உதிரும் முடி, 45 நாள், 50 நாள் என்று தள்ளிப்போகும் மாதவிடாய், மாலையானால் புடவைக் கொசுவத்தைத் தளர்த்திக் கட்ட வைக்கும் வயிற்று உப்புசம் எல்லாம் சேர்ந்தே வந்தன. சில நாள் மலச்சிக்கல், சில நாள் அதற்கு நேர்மாறு. இத்தனைக்கும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டதுதான் பின்னால் வந்த எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம்.

எங்கள் குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்த இரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு 14.2 என்று வந்தது. நான்கு, நான்கரைக்குள் இருக்க வேண்டியது அது; தைராய்டு மந்தமானால் கூடும், மிஞ்சினால் குறையும். தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்கிறது என்று சொல்லி, தினமும் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னார். நானும் காலை ஐந்தரைக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஐந்து நாற்பதுக்கு அத்தை ஆற்றிக் கொடுக்கும் டிகிரி காபியைக் குடித்தேன். வெறும் வயிறு என்பது மாத்திரைக்கு முன்பு மட்டுமன்றிப் பின்பும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் நீடிக்க வேண்டும் என்பதையும், காபி அந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதையும் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

களைப்பு கொஞ்சம் குறைந்தது, அதோடு நின்றுவிட்டது. மாதவிடாய் சீராகாததால் 2023 ஜனவரியில் ஸ்கேன் எடுத்தோம். சினைப்பையில் நீர்க்கட்டிகள் தெரிவதாக அறிக்கை வந்ததும், வீட்டில் எல்லோரும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள். தைராய்டு குறைபாடு சரியாகக் கட்டுக்குள் வராதவர்களுக்கும் சினைப்பை ஸ்கேனில் அதேபோலத் தெரியலாம் என்பதால், தைராய்டையும், பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டினையும் முதலில் பார்த்துவிட்டுத்தான் நீர்க்கட்டி நோய் என்ற பெயரைச் சூட்ட வேண்டும் என்பது எனக்குப் பத்து மாதம் கழித்தே தெரிந்தது.

இதற்கிடையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உணவு ஒவ்வாமையைக் கண்டறியும் பரிசோதனை என்று ஒருவர் பரிந்துரைக்க, 14,000 ரூபாய் கட்டி இரத்தம் கொடுத்தேன். ஏறத்தாழ இருநூறு உணவுகளுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளின் அளவுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிடப்பட்டு வந்தன. சிவப்பில் 23 உணவுகள்: பால், தயிர், கோதுமை, முட்டை, வேர்க்கடலை, கடுகு, உளுந்து என்று நீண்ட அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால், அது நான் அன்றாடம் உண்பவற்றின் பட்டியல் என்பது பளிச்சென்று தெரிகிறது. ஒரு உணவை நாம் அடிக்கடி உண்கிறோம் என்பதற்கு உடம்பு இட்டுவைத்த அடையாளமே ஐ.ஜி.ஜி.; அது ஒத்துக்கொள்ளாமைக்குச் சான்றாகாது என்பதால், ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008லேயே இத்தகைய சோதனைகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று அறிவித்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. 23 உணவுகளையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்று மாதத்தில் நான்கு கிலோ எடை குறைந்தது, உப்புசமும் குறைந்தது. அந்தக் குறைவுதான் என்னை ஏமாற்றியது. 23 மாறிகளை ஒருசேர மாற்றிவிட்டு விடை சரியாக வந்தது என்று ஒரு மாணவி என்னிடம் வந்து சொன்னால், நான் அவளுக்கு மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

பாலை நிறுத்தியதால் எலும்புக்கு ஆகாதே என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினேன். முடி உதிர்வதற்கு, உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சொன்ன பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சேர்ந்தது. இரத்தசோகைக்கு ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று நான்கையும் ஒரே டப்பாவில் போட்டு, காலை ஐந்தரைக்கே சேர்த்து விழுங்கி வந்தேன். சுண்ணாம்பும் இரும்பும் தைராக்ஸினோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு அதை இரத்தத்தில் சேர விடாமல் செய்துவிடும். இடையில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆக, ஒரு தொல்லைக்கு நான் கண்ட தீர்வு இன்னொரு தொல்லையை வளர்த்துக்கொண்டிருந்தது.

அது வளர்வது பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.3 என்றும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 இயல்பைவிட அதிகம் என்றும் வந்தது. மருந்து மிஞ்சிவிட்டது என்று கருதி அளவை 25 மைக்ரோகிராமாகக் குறைத்தார்கள். தாளைப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். அடுத்த இரண்டு மாதங்களில் முகம் அதைத்தது, குரல் கரகரத்தது, ஐப்பசி மழையில் மற்றவர்கள் மின்விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்திருக்க நான் போர்வை தேடினேன்.

நவம்பரில் திருச்சியில் ஒரு ஹார்மோன் மருத்துவரைப் பார்க்க முன்பதிவு செய்தபோது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், சத்துப் பொடிகளையும், நாட்டு மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். அறிக்கையை மடித்து வைத்துவிட்டு அந்த மருத்துவர் முதலில் நாடியைப் பார்த்தார், நிமிடத்துக்கு 56. பிறகு குதிகால் தசைநாணில் சிறு சுத்தியலால் தட்டி, பாதம் எழுந்து மெதுவாக அடங்குவதைக் கவனித்தார். "இந்தத் தாள் உங்களுக்குத் தைராய்டு அதிகம் என்கிறது, உங்கள் கால் குறைவு என்கிறது. நான் காலைத்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கொட்டினார். பயோட்டின் டப்பாவைக் கையில் எடுத்ததும், "எத்தனை நாளாக?" என்று கேட்டார். ஐந்து மாதம் என்றேன்.

அவர் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். பல ஆய்வகங்களில் ஹார்மோன் அளவைக் காணப் பயன்படுத்தும் முறை, பயோட்டின் என்ற பொருள் வேறொரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பசை போலப் பயன்படுத்துகிறது. இரத்தத்திலேயே பயோட்டின் ததும்பி நின்றால் அந்தப் பசை வேலை செய்யாது; டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், டி4 கூடுதலாகவும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது சுமார் 30 மைக்ரோகிராம். என் மாத்திரையில் இருந்தது 10,000. பேருந்தில் திரும்பும்போது வகுத்துப் பார்த்தேன், முந்நூற்று முப்பது மடங்குக்கு மேல். இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் போதும் என்றார். நான் ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 18.6. புரோலாக்டின் 38, அதுவும் இயல்பைவிட அதிகம். தைராய்டு சுரப்பியை நம் எதிர்ப்பாற்றலே தாக்குவதைக் காட்டும் எதிர்ப்பொருளும் மிகுதியாக இருந்தது. சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 மட்டுமே. முடி உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம், பயோட்டின் குறைவு அல்ல.

அதன் பிறகு நடந்தவை மெதுவானவை. தைராக்ஸின் அளவை உயர்த்தி, ஐந்து மணிக்குத் தண்ணீரோடு மாத்திரை, ஆறு மணிக்குக் காபி, இரும்பு மதியத்துக்கு மேல் என்று மாற்றினோம். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் இரத்தத்தில் நிலையான விடை கிடைக்கும். அந்த ஆறு வாரமும் வேறு எதையும் மாற்றக் கூடாது என்பது மருத்துவரின் நிபந்தனை. என் அவசரப் புத்திக்கு அதுதான் கடினமாக இருந்தது. ஒரு கோடிட்ட குறிப்பேட்டில் உணவு, மாத்திரை நேரம், வயிறு, தூக்கம், தலைவலி என்று பத்திகள் பிரித்து எழுதத் தொடங்கினேன்.

2024 ஏப்ரலில் டி.எஸ்.எச். 3.1க்கு வந்தது. புரோலாக்டின் தானாகவே 16க்கு இறங்கியது. மாதவிடாய் 31, 32 நாளுக்குத் திரும்பியது. குளிரும் மலச்சிக்கலும் போய்விட்டன. ஆனால் உப்புசமும் வயிற்றுப்போக்கும் போகவில்லை. பட்டியலைக் கைவிட்டுப் பாலுக்குத் திரும்பியிருந்ததால் அவை முன்னைவிடத் தெளிவாகவே தெரிந்தன. தைராய்டு குடலை மந்தமாக்க, வேறேதோ ஒன்று அதை விரட்ட, இரண்டும் மாறி மாறி வந்ததால்தான் முன்பு எதுவும் பிடிபடவில்லை.

குடல் மருத்துவர் முதலில் கேட்டது கோதுமையைப் பற்றி. எதிர்ப்பாற்றல் சார்ந்த தைராய்டு நோய் உள்ளவர்களுக்குக் கோதுமைப் புரதத்தால் குடல் சேதமடையும் சீலியாக் நோயும் சேர்ந்து வரக்கூடும். நம் நாட்டில் அது வடக்கே அதிகம், தெற்கே மிக அரிது; 2016இல் வெளிவந்த ஆய்வில் அதற்கான எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும் தெற்கே 0.10 பேரிடமும்தான் காணப்பட்டது. எனினும் பார்த்துவிடலாம் என்றார். சிக்கல் என்னவென்றால், கோதுமையை நிறுத்தியிருப்பவர்களுக்கு அந்தச் சோதனை பொய்யாக இல்லை என்று சொல்லிவிடும். எனவே ஆறு வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்ட பிறகே இரத்தம் எடுத்தார்கள். நான் கோதுமையை முழுதும் விட்டுவிட்டதாக நம்பியிருந்த மாதங்களிலும் சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருந்தது என்பதை டப்பாவின் பின்புறத்தைப் படித்தபோதுதான் அறிந்தேன். சோதனையில் சீலியாக் இல்லை என்று வந்தது.

அடுத்து மூச்சுச் சோதனை. முதல் நாள் இரவு பருப்பு, காய் எதுவுமின்றி வெறும் சோறு மட்டும். மறுநாள் காலை 25 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அரை மணிக்கொரு முறை ஒரு கருவியில் ஊத வேண்டும். சிறுகுடலில் செரிக்காத பால் சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்க வைக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். தொடக்க அளவைவிட 20 கூடினால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று பொருள். எனக்கு 6இல் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 61 ஆயிற்று. அதற்குள் என் வயிற்றின் உறுமலைக் கேட்டு அங்கிருந்த செவிலியர் சிரித்துவிட்டார்.

கும்பகோணத்தில் பால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வது குலதெய்வத்தைக் குறை சொல்வது போலத்தான். அத்தை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் முழுவதும் விட வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை தாங்குவார்கள் என்றார் மருத்துவர். 100 மில்லி பாலில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. நான் மூன்று காபி, இரவு ஒரு டம்ளர் பால் என்று நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்திருக்கிறேன். இப்போது காலையில் ஒரு காபி, டிகாஷன் தூக்கலாக. இரவுப் பால் இல்லை. புளித்த தயிரும் மோரும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. முட்டை, கடலை, உளுந்து, கடுகு அனைத்தும் ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பி வந்துவிட்டன; குறிப்பேட்டில் அவற்றுக்கு நேரே எதுவும் எழுத நேரவில்லை.

தலைவலிப் பத்தி மட்டும் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு மூன்று, நான்கு முறை, பெரும்பாலும் மதிய வேளையில் வருகிறது. தைராய்டோடும் பாலோடும் அது பொருந்தவில்லை. அடுத்த ஆறு வாரத்துக்கு அந்தப் பத்திக்குப் பக்கத்தில் காலை உணவு உண்ட நேரத்தையும் எழுதி வருகிறேன்.