முட்கம்பியின் இரண்டாவது இழை

வன்னியில் வயலோரமோ வளவோரமோ முட்கம்பி ஓடாத இடம் குறைவு. அந்தக் கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு உற்றுப் பாருங்கள். பல சுருள்களில் முள் ஒரு இழையை மட்டும் இரண்டு தரம் சுற்றியிருக்கும். மற்ற இழை அதோடு முறுக்கிக்கொண்டு போகும். முள்ளைப் பிடித்து இழுத்தாலும் இடம் மாறாது. இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்க விவசாயி.

1813இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். 1840களில் இல்லினோயில் டீகால்ப் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து நிலம் வாங்கிப் பயிர் செய்தார். அரசியலில் சனநாயகக் கட்சிக்காரர். 1852இல் டீகால்ப் கவுண்டியின் ஷெரீப்பாகத் தேர்தலில் வென்றார். சட்டம் ஒழுங்கைப் பார்க்கும் பதவி அது.

டீகால்ப்பைச் சுற்றிய புல்வெளியில் வேலிக்குப் போதிய மரமில்லை. முள்மரம் நட்டு உயிர்வேலி போடலாம், ஆனால் மாட்டை மறிக்கும் அளவுக்கு அடர மூன்று நாலு வருசம் வேண்டும். கிளுவங்கதியால் நட்டுக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். வெறும் கம்பியோ வெயிலில் நீண்டு தொய்யும், பனிக்குளிரில் சுருங்கி அறும். மாடும் அதில் சாய்ந்து முதுகு தேய்க்கும்.

1873இல் டீகால்ப் கண்காட்சியில் ஹென்றி ரோஸ் என்பவர் ஆணி முனைகள் நீட்டிய மரச்சட்டம் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்களில் கிளிடனும் ஒருவர். முள்ளைக் கம்பியிலேயே வைக்கலாம் என்று முயன்றார். கோப்பி அரைக்கும் கையியந்திரத்தை மாற்றியமைத்து அதில் முள் வளைத்தார். ஆனால் ஒற்றைக் கம்பியில் கோத்த முள் வழுக்கி ஓடியது. இரண்டாவது இழையைச் சேர்த்து முறுக்கியதும் முள் பூட்டிக்கொண்டது. முறுக்கு வில்லுப்போல் இருப்பதால் வெயிலும் குளிரும் கம்பியை முன்போல் கெடுக்கவில்லை. முள்ளை விட இந்த முறுக்குத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

1874 நவம்பர் 24இல் 157,124ஆம் இலக்கக் காப்புரிமை கிடைத்தது. பாதி உரிமையை அதே ஊர் இரும்புச்சாமான் வியாபாரி ஐசக் எல்வுட்டுக்கு 265 டொலருக்குக் கொடுத்தார். மீதியை 1876இல் கம்பி செய்யும் வாஷ்பர்ன் மோயென் கம்பனிக்கு 60,000 டொலருக்கும் உரிமப் பங்குக்கும் விற்றார். இந்தக் காப்புரிமை பற்றிய வழக்குகள் நீண்டு, 1892இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. ஊரில் ஆசிரியர் கல்லூரிக்கு 60 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார். 1906இல் காலமானார்.

அதே கம்பிதான் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் எங்கள் சனத்தைச் சுற்றி நின்றது. வன்னியில் முட்கம்பியைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விடமுடியாது.

இனி வேலி. சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 836 அடி. ஐந்து வரி இழுத்தால் 4,180 அடி, அதாவது ஏறக்குறைய 1,275 மீற்றர் கம்பி. கட்டு, முடிச்சுக்கென்று கொஞ்சம் கூட வாங்குங்கள். எட்டடிக்கு ஒன்றாக 105 தூண் வரும். ஏழடித் தூணில் இரண்டடி மண்ணுக்குள் போகட்டும். வரிகளை நிலத்திலிருந்து 8, 16, 26, 37, 48 அங்குலத்தில் வைத்தால் கட்டாக்காலி மாட்டுக்குப் போதும். ஆடு வருமென்றால் அடி வரியை இன்னும் இறக்கவேண்டும். யானைக்கு இது வேலியே இல்லை.

வேலி தொய்ந்தால் எல்லோரும் கம்பியைத்தான் குறை சொல்வார்கள். பிழை அனேகமாக மூலைத் தூணில். ஐந்து வரியின் இழுவையும் அதில்தான் விழுகிறது. மூலைக்குச் சற்று நீளமான தூணை எடுத்து மூன்றடி தாட்டு, இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக் கொடுக்கவேண்டும். ஒரேயடியாக மண்ணைத் தள்ளி மூடாமல், அரையடி அரையடியாகப் போட்டு அலவாங்கால் இடிக்கவேண்டும். வயல் களிமண்ணில் கார்த்திகை மழைக்கு நிலம் இளகும். இடிக்காத தூண் அப்போது சாயும்.

கம்பி மாடு தள்ளுகிற பக்கத்தில் இருக்கட்டும். மறுபக்கம் அடித்தால் மாடு தள்ளத் தள்ள ஆணி கழரும். மரத்தூணில் யூ ஆணியைச் சற்றுச் சரித்து அடியுங்கள். இரண்டு காலும் ஒரே நாரில் இறங்கினால் மரம் வெடிக்கும். கம்பி நசியும் வரை அடிக்கவும் வேண்டாம். நசிந்த இடத்தில் நாகப்பூச்சு உடைந்து, முதலில் அங்கேதான் துரு பிடித்து அறும். முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்றில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

பூவரசங்கதியாலில் நேரே ஆணி அடிப்பது வழக்கமாகிவிட்டது. மரம் பருக்கப் பருக்கப் பட்டை கம்பியை விழுங்கிவிடும், பிறகு இழுத்துக் கட்டமுடியாது. மரத்தைத் தறிக்கும்போது வாளின் பல்லும் போகும். மரத்தோடு ஒரு சலாகையைக் கட்டி, ஆணியை அந்தச் சலாகையில் அடியுங்கள். வருசத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டுகளை இளக்கிவிட்டால் போதும்.