மோரே: கேட்டுக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 6, 2024

மியான்மர் எல்லை 1,643 கிலோமீட்டர் முழுக்க வேலி வருமென்று அமித் ஷா அறிவித்திருக்கிறார். எங்கள் மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில் 10 கிலோமீட்டர் ஏற்கெனவே போட்டாயிற்று. இருந்தாலும் மனசு கேட்காமல் கடையைத் திறந்து பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லைக் கேட்டை மூடியபோது, ஒரு மாசம்தானே என்று பூட்டிய கடை. அப்புறம் அந்தப் பக்கம் ராணுவ ஆட்சி, இந்தப் பக்கம் 2023 மே கலவரம். எலி தின்றது போக கணக்கு நோட்டு மிச்சம். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: 'நம்பாலோங் கருவாட்டு அக்காவுக்குத் தர வேண்டியது, பர்மாக் காசு 80,000 சாட்.' நம்பாலோங், கேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சந்தை.

பிப்ரவரி 8

இன்றைக்கு அடுத்தது. விசா இல்லாமல் 16 கிலோமீட்டர் வரை போய்வரும் ஏற்பாடும் ரத்தாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நாங்க நடந்து வந்தப்ப எவன் விசா கேட்டான்?" என்றாள்.

கேட்டார்கள், அதனால்தான் இங்கே இருக்கிறோம். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டதும் தாத்தா குடும்பத்தோடு கப்பலேறினார். தமிழ்நாட்டு அகதி முகாம் ஒத்துவரவில்லை. பர்மாவுக்கே திரும்புவோம் என்று நடந்து கிளம்பியவர்களை, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரான தமுவுக்குள் விடவில்லை. திரும்பிப் போக வந்த இடத்திலேயே முனீஸ்வரருக்குக் கோயில் கட்டிவிட்டோம்.

பிப்ரவரி 9

பழைய நோட்டுகளைப் புரட்டினேன். 1995 ஏப்ரலில் பண்டமாற்று வியாபாரம் தொடங்கியபோது அனுமதித்தது 22 பொருள். கடுகு, பூண்டு, வெற்றிலை, பாக்கு இப்படி. பட்டியலில் கம்பளி கிடையாது. நம்பாலோங்கிலோ சீனக் கம்பளி இல்லாத கடை கிடையாது! ஊரே அதில்தான் பிழைத்தது. துப்பாக்கிக்காரர்கள் 'வரி' கேட்டு அனுப்பிய சீட்டுகளும் நோட்டுக்குள் இருந்தன. அதையும் செலவில்தான் எழுதியிருக்கிறேன், போக்குவரத்து என்று.

2022 ஜூலையில் தமுவுக்குப் போன நம் பையன்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம் அம்மா என்னைக் கேட் பக்கமே விடுவதில்லை.

பிப்ரவரி 11

அக்காவின் நம்பர் கிடைத்தது. அவள் கடையும் மூடித்தான் கிடக்கிறது. சாட் விழுந்த வேகத்தில், அன்று நாலாயிரம் ரூபாய் பெற்ற பாக்கி இன்று பாதிகூடத் தேறாது. சாட் கணக்கில் தரட்டுமா, ரூபாய்க் கணக்கிலா என்று கேட்டேன். சிரித்தாள். அங்கே கருவாடு இப்போது என்ன விலை என்று திருப்பிக் கேட்டாள்.