கிரவுன் இல்லை, கிராஸ்
எங்கள் பழைய லாரிக்குப் புதுசாக ஒரு வியாதி. ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போது மட்டும் அடியில் 'டக்'. லோடு இருந்தால் பலமாக, காலி வண்டியில் கேட்கவே கேட்காது. தொப்பூர் இறக்கத்தில் அந்தச் சத்தம் வந்தால் வயிற்றைக் கலக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம். ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கும் என்றார் ஒருவர், பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் போயிருக்கும் என்றார் இன்னொருவர் (கேட்டதுமே பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்).

நாமக்கல் பட்டறைப் பெரியவர் எதையும் கழற்றவில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இரு கையாலும் திருகினார். ஷாஃப்ட்டின் பின் ஜாயின்ட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸில் லேசான ஆட்டம். அதன் முனையை மூடியிருக்கும் கப் ஓரத்தில் செங்கல் தூள் மாதிரி துரு. உள்ளே கிரீஸ் வறண்டு ஊசி பேரிங் அரைபட்டிருக்கிறது.

கிராஸ் மாற்றியாச்சு, சத்தமும் நின்றாச்சு. கிரவுன் என்று சொன்ன அண்ணன் மட்டும் இன்னும் நம்பவில்லை.