ரத்தக்காட்டேரி, சாவி

மார்ச் 4
ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா வாயிலிருந்து இன்றும் "சாவி" என்ற ஒரு சொல் மட்டும்தான். காலையில் தண்ணீருக்குச் சாவி, மதியம் தலையணைக்குச் சாவி, சாயங்காலம் அண்ணன் வீடியோ அழைப்பில் வந்தபோது அவனுக்கும் சாவி.

மார்ச் 5
பையின் அடியில் கிடந்த புத்தகத்தை ஒருவழியாக எடுத்தேன். சார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய 'டெட் அன்டில் டார்க்', 2001இல் வந்தது. பழைய புத்தகக் கடையில் அட்டைக்காக வாங்கியது. சிறுவர் கதைக்கு வரைந்தது போன்ற படம். குழந்தைக்கா என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றேன். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து ரத்தக்காட்டேரிக் காதல் படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

நாயகி சூக்கி. லூசியானாவில் பான் டெம் என்ற கற்பனைச் சிற்றூர், அங்கே ஒரு மதுக்கூடத்தில் பரிமாறுகிறவள். அடுத்தவர் மனத்தில் ஓடுவதெல்லாம் இவள் காதில் விழுந்துவிடும். அதை வரம் என்று அவள் சொல்வதில்லை, குறை என்கிறாள். எந்த ஆணோடும் பழக முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே அவன் நினைப்பு கேட்டுவிடுகிறது. பிறகு எங்கே காதல்? ஒருநாள் இரவு பில் வருகிறான், ரத்தக்காட்டேரி. அவன் மண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தில்தான் விழுகிறாள்.

எனக்கு அந்தக் குறையை ஒரு மணி நேரம் இரவல் கொடுத்தால் போதும். நாற்பது பக்கம் படித்துவிட்டு அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6
பீரோ, மேசை இழுப்பறை, சாமி அறை அலமாரி. பதினோரு சாவிகள். எல்லாவற்றையும் அவர் முன் வைத்தேன். எதையும் தொடவில்லை.

மார்ச் 7
தூக்கமில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊர் மோகினி புளியமரத்தடியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் தொலைந்தோம், இரும்பில் தடவித்தான் நீட்ட வேண்டும் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்போது ஏழு வயது. கதை முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

இந்தப் புத்தகத்தின் ரத்தக்காட்டேரிகளிடம் அந்தக் கம்பீரமெல்லாம் கிடையாது. ஜப்பானியர் செயற்கை ரத்தம் கண்டுபிடித்துவிட்டதால், நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களே வெளியே வந்து அறிவித்துவிட்டார்கள். பாட்டில் ரத்தம் கடையிலேயே கிடைக்கிறது. பில்லின் பெரிய கவலை என்ன தெரியுமா? பாழடைந்த பூர்வீக வீட்டுக்கு மின்சார வேலை பார்க்க ஆள் கிடைக்கவில்லை. பகலில் அவனால் பேச முடியாது, ராத்திரியில் எந்த எலக்ட்ரீஷியன் வருவான்? சாகாவரம் பெற்றவனும் எலக்ட்ரீஷியனுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்துக் கட்டில்காரர் மனைவி திரும்பிப் பார்த்தார்.

சூக்கியின் பாட்டி அதைவிட மேல். பில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவன். பேத்தி ரத்தக்காட்டேரியோடு பழகுகிறாளே என்று பாட்டி பதறவில்லை. எங்கள் சங்கத்தில் வந்து போரைப் பற்றிப் பேசுவானா என்று கேட்டனுப்புகிறாள்.

நடுவில் கொலைகள். ரத்தக்காட்டேரிகளோடு பழகிய பெண்கள் கழுத்து நெரிபட்டுச் சாகிறார்கள். சந்தேகம் சூக்கியின் அண்ணன் மேல். சோம்பேறி, அழகன். என் அண்ணன் அழகன் இல்லை.

மார்ச் 8
அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் ரத்தக்காட்டேரி நுழைய முடியாது. பாஸ் இல்லாமல் இந்த வார்டுக்குள் நானும் நுழைய முடியாது. காவலாளி இன்று என்னை இருபது நிமிடம் வெளியே நிறுத்திவிட்டார்.

மார்ச் 9
சூக்கியின் பாட்டியைக் கொன்றுவிட்டார் ஹாரிஸ் அம்மாள். சமையலறைத் தரையில்.

மூடி வைத்துவிட்டேன். சிரிக்கத்தானே இதை எடுத்தேன்?

மார்ச் 10
மறுபடி எடுத்தேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று நமக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அங்கேயும் பாத்திரம் பாத்திரமாக வருகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்பதும் சேர்ந்து கேட்டால் எப்படி இருக்கும்! அப்பாவைப் பார்க்க நேற்று வந்த உறவினர்களை நினைத்துக்கொண்டேன். வேண்டாம், அந்த ஒரு மணி நேர இரவலை அவர்கள் போன பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வகைக் கதையை லேசானது என்று ஒதுக்குவார்கள். லேசானதுதான். ஆனால் அழுது முடித்தவள் தலையை வாரிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய் பீர் கோப்பைகளை எடுத்து வைக்கிறாளே, அந்த லேசு எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.

மார்ச் 11
பப்பா என்று ஒருவன் வருகிறான். 1977இல் செத்ததாக உலகம் நம்பும் பாடகர் எல்விஸ்தான் அவன். பிணவறையில் இருந்த ரசிகன் ஒருவன் ரத்தக்காட்டேரியாக மாற்றிவிட்டான். மாற்றம் சரியாக நடக்காமல் புத்தி மந்தமாகிவிட்டது. பழைய பெயரைச் சொன்னால் கலங்குகிறான், பூனை ரத்தம் குடிக்கிறான். கேன்டீன் பூனைக்கு இன்று பால் ஊற்றினேன்.

மார்ச் 12
பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்கிறார்: "அவர் சொல்வது சாவியை இல்லை. வெளியே வருவது அந்த ஒரு சொல்தான்." 1861இல் பாரிஸில் மருத்துவர் புரோக்கா பார்த்த நோயாளியும் எதைக் கேட்டாலும் "டான்" என்றுதான் சொன்னாராம். அவர் நினைத்தது "டான்" இல்லை என்பது சரி. இது வேறு. எங்கள் அப்பா சாவியைத் தொலைக்கிற ஆள் இல்லை.

மார்ச் 13
இரவு இரண்டு மணிக்கு முடித்தேன். கொலைகாரன் யார் என்று நான் போட்ட கணக்கு தப்பு. மனத்தைக் கேட்கிறவள் எப்படித் துப்பறியத் திணறுவாள் என்பதுதான் முதலிலிருந்தே என் கேள்வி. விடை எளிது: அவளுக்குக் கேட்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான், பாதி வார்த்தை, பாதி படம். மீதியை அவளே கோத்துக்கொள்ள வேண்டும். தப்பாகவும் கோத்துவிடுகிறாள்.

சூக்கி வரிசையில் மொத்தம் 13 நாவல்களாம், 2013 வரை. கடைசியில் சூக்கி யாரோடு சேர்ந்தாள் என்பதற்காக வாசகர்கள் ஆசிரியர் மேல் பாய்ந்தார்களாம். எனக்கு இப்போதே பில் பக்கம்தான்.

மார்ச் 14
அப்பா இடக்கையால் அட்டையைத் தொட்டார். "சாவி?" கேள்வியாகவே கேட்டார், முதல் தடவையாக. வாய்க்கு வந்த தமிழில் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். எலக்ட்ரீஷியன் கிடைக்காத இடத்தில் சிரித்தார். இடப்பக்கம் மட்டும்.

மார்ச் 15
சைக்கிள் கூடைக்குள் ஒரு சாவி கிடந்தது. பன்னிரண்டாவது. வீட்டில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. நாளை எடுத்துப்போகிறேன்.