எம்.ஜி.பி. காரில் பழைய பழுதுபார்ப்புகளை அவிழ்த்த அனுபவம்

பினாங்கின் குளுகோரில் எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் நிற்கும், 1970-ஆம் ஆண்டு ஆங்கிலத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யின் இடப்பக்கத்தை முதன்முறையாக ஜாக்கி வைத்துத் தூக்கிய அன்று, திறந்து வைத்திருந்த கதவு மறுபடி மூடவில்லை. காரைத் தரையில் இறக்கியதும் அதே கதவு எந்தத் தடையும் இல்லாமல் மூடிக்கொண்டது. கூரையில்லாத காருக்கு இதைவிடக் கெட்ட அறிகுறி கிடையாது. எம்.ஜி.பி.க்குச் சேஸி என்ற தனி அடிச்சட்டம் இல்லை. 1962-இல் முதல் கார் வெளிவந்ததிலிருந்து 1980 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது வரை, தகடுகளைப் பெட்டி பெட்டியாக இணைத்த உடல்தான் அதன் எலும்புக்கூடு. தலைக்குமேல் கூரை இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்ற நீளப் பெட்டியையே சேர்கிறது. அந்தப் பெட்டி வலுவிழந்தால் கார் நடுவில் வளையும்; கதவின் இடைவெளி அதை முதலில் காட்டிக்கொடுக்கும்.

வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. பச்சை வண்ணம் பளபளவென்றிருந்தது, கதவின் ஓரங்கள் நேராக இருந்தன, எஞ்சினும் ஓடியது. எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர்கள் குறைந்தது மூவர் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. அவர்கள் காரைப் பட்டறைகளுக்குக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்து, அந்த நேரத்துக்கு ஓடவைத்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே முதல் இரண்டு மாதங்களில் எதையும் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில், தொழிற்சாலையில் செய்யப்படாத வேலை என்று தெரிந்த ஒவ்வொன்றையும் எழுதி, அதன் எதிரே அந்த வேலை எந்தக் கோளாற்றைச் சமாளிக்கச் செய்யப்பட்டிருக்கும் என்ற என் ஊகத்தையும் எழுதினேன். எதிரே எழுதிய இந்த ஊகங்கள்தான் பிறகு எனக்கு மிகவும் உதவின. மோசமான பழுதுபார்ப்பைப் பிடுங்கி எறிவது எளிது; அது மூடி வைத்திருந்த மூலக் கோளாற்றைக் கண்டுபிடிக்காமல் எறிந்தால், அடுத்த மாதம் நாமும் அதே இடத்தில் இன்னொரு மோசமான வேலையைச் செய்துகொண்டிருப்போம்.

முதல் பாடம் ஸ்டார்ட்டரிலிருந்து வந்தது. எஞ்சின் சூடாக இருந்தாலும் குளிர்ந்திருந்தாலும் ஸ்டார்ட்டர் சோம்பலாகவே சுற்றியது. முந்தைய உரிமையாளர் புது ஸ்டார்ட்டர் போட்டிருந்தார். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளும் புதியவை. இத்தனைக்குப் பிறகும் சோம்பல் போகவில்லை என்றால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது என்று பொருள். ஒரு மாலையில் என் மகனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் மறுபக்கம் குனிந்து, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழைப் பிடித்திருந்தேன். மூன்றாவது முயற்சியில் விரல்களில் சூடு தெரிந்தது. நான்காவதில் குமிழுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் மெல்லிய வாடை வந்தது. சாவியை உடனே திருப்பி எடுக்கச் சொன்னேன்.

எம்.ஜி.பி.யின் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது என்பதால், எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செப்புப் பட்டை ஒன்று அடியில் இருக்க வேண்டும். இந்தக் காரில் அந்தப் பட்டையே இல்லை. கியர்பாக்ஸை ஒருகாலத்தில் இறக்கியவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவில்லை என்றே நினைக்கிறேன். உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப்போக வேறு வழியற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம், மெல்லிய சோக் கம்பியையும் ஆக்சிலரேட்டர் கம்பியையும் வழியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினின் இரும்புக்கும் இடையே மல்டிமீட்டர் 3.1 வோல்ட் காட்டியது. அது அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது. புதுப் பட்டையை, இரண்டு முனைகளிலும் வண்ணத்தைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பின் மேல் இறுக்கிய பிறகு அளவு 0.1-க்கு இறங்கியது. தேவையே இல்லாமல் கழற்றி எறியப்பட்ட பழைய ஸ்டார்ட்டரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மின்கம்பிகளில் வேறு வகைச் சிக்கல். இந்தக் கால ஆங்கிலக் கார்களில் கம்பியின் நிறமே ஒரு மொழி: பழுப்பு என்றால் ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை என்றால் சாவி திருப்பியபின் வருவது, பச்சை என்றால் சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு என்றால் எர்த். இந்த மொழி தெரியாத ஒருவர் டேஷ்போர்டின் அடியில் பெரும்பாலான இணைப்புகளைச் சிவப்புக் கம்பியால் செய்திருந்தார். நம் ஊர் வெயிலுக்காகப் பிற்காலத்தில் பொருத்தப்பட்ட ஏர்கான் விசிறிக்கு, பழுப்புக் கம்பியைப் பாதியில் சுரண்டி, அதன்மேல் புதுக் கம்பியை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். டேப்பின் பசை வெப்பத்தில் இளகி வழிந்து, சுற்று தானாகவே அவிழ்ந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து நின்றது. ஃபியூஸ் இல்லாத கம்பி உலோகத்தில் உரசினால், கம்பியே ஃபியூஸாக எரியும். அந்தச் சிவப்புக் கம்பிகளை ஒரே நாளில் வெட்டி எறியும் ஆசையை அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகிறது என்று அட்டைத் துண்டில் எழுதிக் கட்டிய பிறகே ஒவ்வொன்றாக நீக்கினேன். மொத்தம் பதினேழு கம்பிகள். அவற்றில் ஐந்து எதற்கும் போகவில்லை.

பிரேக் குழாயில் ஒரு கசிவை நீர்க்குழாய் இணைப்பு போன்ற ஒன்றால் அடைத்திருந்தார்கள். அதை நோட்டில் எழுதிய அன்றே காரை ஓட்டுவதை நிறுத்தினேன். நான்கு சக்கரங்களுக்கும் புதிய செம்பு-நிக்கல் குழாய் போட்டாயிற்று.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் புகைக்குழாய்க்கு மேலே, அதே பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. அங்கே இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுக்குப் பதில் சிவப்பு சிலிக்கோன் தடவியிருந்தது. சாதாரண சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி, உப்பி, துணுக்குகளாகப் பிரியும். அப்படிப் பிரிந்த ஒரு துணுக்கு, மிளகு அளவுதான் இருக்கும், பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வில் சிக்கியிருந்தது. வால்வு மூடாததால் கிண்ணம் நிரம்பி வழிந்தது; வழிவதை நிறுத்த யாரோ மிதவையை வளைத்திருந்தார்கள்; மிதவை தவறியதால் கலவை கெட்டு, அதைச் சரிசெய்யப் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைக் கண்டபடி திருகியிருந்தார்கள். ஒரு துணுக்குக்காக இரண்டு தவறான திருத்தங்கள். சூடான புகைக்குழாய்க்கு மேல் பெட்ரோல் சொட்டும் நிலையில் இந்தக் கார் ஈப்போவிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து வந்தது என்பதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

போல்ட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் தாங்கியில் இருக்க வேண்டியது 5/16 அங்குல போல்ட், விட்டம் 7.94 மி.மீ. கடையில் எளிதாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட் கையில் ஏறக்குறைய அதேபோல்தான் தோன்றும். ஆனால் அங்குல போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம் சுமார் 1.06 மி.மீ., மற்றதில் 1.25. இரண்டு சுற்று இசைவாகப் போகும், பிறகு முரண்டு பிடிக்கும். அந்த இடத்தில் நீளமான ஸ்பேனரால் அழுத்தியவர் துளையின் மரையைச் சீவி எறிந்துவிட்டார். இப்போதெல்லாம் என் தந்தையார் விட்டுச்சென்ற அங்குல ஸ்பேனர்களையே முதலில் வைத்துப் பார்க்கிறேன். அரை அங்குல ஸ்பேனர் போல்ட்டின் தலையில் ஏறாமல் 13 மி.மீ. கச்சிதமாக உட்கார்ந்தால், அது பிறகு வந்த போல்ட் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறேன். கெட்டுப்போன துளைகளில் சற்றுப் பெரிதாகத் துளையிட்டு, சுருள் மரை செருகி, சரியான போல்ட்டை மாட்டினேன்.

தைப்பூச விடுமுறையில் சில்லைத் திறந்தேன். பிறையில் நெடுங்காலம் இரும்பு வேலை செய்து ஓய்வுபெற்ற உறவுக்கார மாமா ஒருவர் காரைப் பார்க்க வந்தார். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காந்தத்தை எடுத்து, “மேல இருக்கற பெயிண்ட நம்பாத தம்பி, இத வெச்சுப் பாரு” என்றார். காந்தம் கதவிலும் முன் மட்கார்டிலும் ஒட்டியது. சில்லில் வைத்த இடமெல்லாம் நழுவி விழுந்தது.

சுரண்டியபோது முதலில் வந்தது, இங்குள்ள பட்டறைகளில் சிமெண்டு என்று சொல்லும் பட்டி. சில இடங்களில் அதன் கனம் 12 மி.மீ. அதன் கீழே கண்ணாடியிழைத் துணி. அதற்கும் கீழே ரிவெட் அடித்த ஒரு மெல்லிய தகடு, வெளியே தெரியும் நீளத்துக்கு மட்டும். உண்மையான சில், முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகிறது. பலம் இருப்பது அந்த மறைந்த முனைகளில்தான். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, திருப்புளியை அழுத்தினேன். மஞ்சள் நுரை தெரிந்தது. அதைக் கிள்ளியதும் பழுப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது. உள்ளே வெறுமையாக இருந்து காற்றாட வேண்டிய பெட்டியை நுரையால் நிரப்பி, அடியில் இருந்த வடிதுளைகளைத் தாரால் பூசி அடைத்திருந்தார்கள். துருவைத் தடுப்பதாக நினைத்துச் செய்த வேலையாக இருக்கலாம். அந்த நுரைதான் மழைத்தண்ணீரைக் கடற்பஞ்சுபோல் பிடித்துவைத்து, வெளித்தகடு, நடுத்தகடு, கோட்டை மதில்போல் மடிக்கப்பட்ட அடித்தகடு என்ற மூன்றையும் தின்றிருந்தது.

வெட்டுவதற்கு முன் மாமாவின் சொல்படி, கதவின் இடைவெளியைப் பென்சிலால் குறித்து, கதவு வழியின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்தோம். காரின் எடை சக்கரங்களின் மேலேயே இருந்தது; ஒரு பக்கத்தை முழுதாக முடிக்காமல் மறுபக்கத்தைத் தொடுவதில்லை என்பதும் அவர் விதித்த கட்டளை. முன் மட்கார்டு போல்ட்டுகளில் நிற்பதால் கழன்று வந்தது. பின் மட்கார்டின் கீழ்முனையை வெட்டித்தான் உள்ளே போக முடிந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த மூன்று தகடுகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் கதவை மாட்டி, மூடி, கழற்றினேன். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் பற்றவைத்த பிறகு கதவு சரியாக மூடவில்லை என்றால் எல்லாவற்றையும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

இத்தனை கெட்ட வேலைகளுக்கு நடுவே இருக்கைக்குப் பின்னால் பேட்டரித் தொட்டியின் அடியில் ஒரு ஒட்டுத்தகட்டைக் கண்டேன். வாயு வெல்டிங்கில் வைத்து, சுத்தியலால் தட்டிச் சமமாக்கி, மூலைகளை உருண்டையாக வெட்டியிருந்தது. விரலால் தடவினால் விளிம்பே தெரியவில்லை. மாமா அதை நீண்டநேரம் பார்த்துவிட்டு, “இது தெரிஞ்ச கை” என்று மட்டும் சொன்னார். புதுத் தொட்டி கிடைக்கும் என்றாலும் அதை மாற்றவில்லை. துத்தநாகப் பூச்சுப் பூசி அப்படியே வைத்திருக்கிறேன்.

இடப்பக்கம் முடிந்துவிட்டது. வடிதுளைகளைத் திறந்து, பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு தெளித்தாயிற்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை குறுக்குக் குழாயை வெட்டி எடுத்து, முதல் நாள் வைத்த அதே இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். கதவின் பின்னோர இடைவெளி தரையில் 4 மி.மீ., தூக்கியபோதும் 4 மி.மீ. கதவைத் திறந்து மூடினேன், மூடியது. வலப்பக்கச் சில்லில் காந்தம் பாதி இடங்களில் ஒட்டுகிறது, பாதியில் நழுவுகிறது. அதற்கான தகடுகள் வீட்டுக்குள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மாமா வருகிறார்.