பழைய ஸ்க்ரீனுக்குள் புது பட்டன்

வெப் ஸ்க்ரீன்கள் கட்ட உதவும் பழைய ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு கூகுள் தந்த ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. எங்கள் பில்லிங் ஸ்க்ரீனோ இன்னும் அதில்தான் ஓடுகிறது. மொத்தமாக இடித்துக் கட்ட எனக்குத் தைரியம் இல்லை. சரி, துண்டு துண்டாக, அதே வேலைக்கான ரியாக்ட் என்ற இன்னொரு லைப்ரரிக்கு மாற்றலாம் என்று ‘ஐட்டம் சேர்’ பட்டனில் ஆரம்பித்தேன். பழைய டைரக்டிவ் (ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதிய ஸ்க்ரீன் துண்டு) ஒன்றுக்குள் ரியாக்ட் கம்போனென்ட்டை (ரியாக்ட்டில் எழுதிய துண்டு) உட்காரவைத்தேன்.

பட்டனை அழுத்தினால் ஐட்டம் சேர்கிறது, கீழே மொத்தத் தொகை மட்டும் அசையவில்லை. பக்கத்துக் கட்டத்தில் ஒரு எழுத்தைத் தட்டினால் உடனே சரியாகிவிடுகிறது! ஒன்றரை நாள் போனது. (கம்போனென்ட்டை நான்கு முறை திருப்பி எழுதினேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.) தனக்கு வெளியே நடக்கும் மாற்றத்தை ஆங்குலர்ஜேஎஸ் தானாகக் கவனிக்காது, சொன்னால்தான் டைஜெஸ்ட், அதாவது எது மாறியது என்று பார்த்து ஸ்க்ரீனைப் புதுப்பிக்கும் சுற்று, ஓடும். எழுத்தைத் தட்டியபோது அதுதான் ஓடியிருக்கிறது. பட்டனை அழுத்தினால் ஓடும் கால்பேக் ஃபங்ஷனை, டைஜெஸ்ட்டை ஓட்டும் டாலர் அப்ளைக்குள் ($apply) போட்டேன், தொகை மாறியது.

அப்புறம் தேதியைத் தேர்ந்தெடுக்கும் டேட் பிக்கர் இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். அதன் பக்கம் இன்னும் போகவில்லை.