4 மி.மீ. பிடியில் ஐந்து பக்கம்: டவ்டெயில் ஃபிக்ஸ்சர் செய்து பார்த்த அனுபவம்

ஐந்து அச்சு மில்லிங் இயந்திரத்தில் (மூன்று நேர் அசைவோடு சாய்க்கவும் திருப்பவும் கூடியது) ஜாப்பை, அதாவது வெட்டப்படும் கட்டையை, இரு தாடைகளால் கவ்வும் சாதாரண வைஸில் கட்டினால் பாதி வசதி வீணாகிறது. மேசையை 90 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் வெட்டும்போது கட்டரைப் பிடித்திருக்கும் ஹோல்டரை மறிப்பது ஜாப் அல்ல, தாடையும் வைஸ் உடம்பும்தான். ஹோல்டரில் கட்டரை இறுக்கும் ஈஆர்32 காலெட் நட்டின் வெளிவிட்டம் 50 மி.மீ.; கட்டர் அச்சிலிருந்து எல்லாப் பக்கமும் 25 மி.மீ. இடம் வேண்டும். அது கிடைக்காதபோது எண்ட் மில்லை (நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் கட்டரை) 40 மி.மீ. நீட்டலில் இருந்து 60க்கு இழுக்கிறோம். வளைவு நீட்டலின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால் அதே விசைக்குக் கட்டர் சுமார் 3.4 மடங்கு அதிகமாக வளையும். பக்கச் சுவரில் அலையலையாகக் கோடு விழுந்தால் பலர் முதலில் ஃபீடை, அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தை, குறைக்கிறார்கள். பிடியை மாற்றுவதுதான் சரியான வைத்தியம்.

டவ்டெயில் பிடியில் ஜாப்பின் அடியில் புறா வால் போல விரிந்த ஒரு வாலை வெட்டி, அந்த வாலை மட்டும் தாடைகள் கவ்வும். இங்கே சொல்வது 80 × 60 × 50 மி.மீ. அளவுள்ள 6061-டி6 அலுமினியக் கட்டைக்கான அமைப்பு. வால் அகலம் 40, உயரம் 4, கோணம் 60 டிகிரி. ஜாப்பின் உயரத்தில் வீணாவது வாலுக்கு 4, அதன் மேல் விடும் 1, ஆக 5 மி.மீ. மட்டுமே.

45 டிகிரியா, 60 டிகிரியா

வால் அடியில் அகலம், கழுத்தில் குறுகல். தாடை பக்கவாட்டில் தள்ளினால் சாய்வு முகம் ஜாப்பைக் கீழ்நோக்கி இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும் என்பது கோணத்தையும் உராய்வையும் பொறுத்தது. உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால், 60 டிகிரியில் தாடை விசையில் சுமார் 0.39 பங்கு ஒவ்வொரு முகத்திலும் கீழ்நோக்கி வரும். 45 டிகிரியில் சுமார் 0.74 பங்கு. கணக்கைப் பார்த்தால் 45தான் ஜெயிக்கிறது. ஆனால் 4 மி.மீ. உயரத்துக்கு 45 டிகிரியில் பக்கத்துக்கு 4 மி.மீ. உள்ளே குடைய வேண்டும். 60 டிகிரியில் 2.31 போதும். 45 டிகிரி வாலின் விளிம்பு மெல்லிய நாக்கு போல ஆகிவிடுவதால் அலுமினியத்தில் நசுங்கும். எனவே 60.

கட்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பட்டியல்களில் கோணத்தை அடித்தளத்திலிருந்து அளக்கிறார்கள், சிலவற்றில் இரு பக்கமும் சேர்த்துச் சொல்கிறார்கள். 60 டிகிரிக்கு இரண்டும் ஒன்றேதான், வம்பில்லை. 45க்கு வந்தால் ஒன்று பக்கத்துக்கு 45, இன்னொன்று பக்கத்துக்கு 22.5. படத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது.

ஃபிக்ஸ்சர்

ஜாப்பைப் பிடிக்கும் இந்த அமைப்பின் உடம்பும் தாடைகளும் இ.என்.24-டி எஃகு. ஒரு தாடை உடம்போடு சேர்ந்தது, மற்றது நகர்வது. நகரும் தாடையை இரண்டு எம்8, 12.9 தர ஆலன் போல்ட்கள் இழுக்கின்றன. இரண்டு 10 மி.மீ. டவல் பின்கள் (துல்லியமான உருளை ஊசிகள்) வழிகாட்டுகின்றன. நடுவில் ஒரு ஸ்பிரிங் திறந்து வைக்கிறது. ஜாப்பை மேலிருந்து இறக்க வேண்டுமானால் 35.38 மி.மீ. வாய் (40இல் பக்கத்துக்கு 2.31 கழித்தது) 40க்கு மேல் திறக்க வேண்டும், அதாவது குறைந்தது 4.62 மி.மீ. நகர்வு. எம்8-இன் பிட்ச் (ஒரு சுற்றின் நகர்வு) 1.25 என்பதால் நான்கு சுற்று கழற்றினால் 5 மி.மீ. கிடைக்கும். பக்கவாட்டில் நுழைப்பது என்றால் 0.3 மி.மீ. போதும், ஆனால் டிரன்னியன் மேசையில் (இரு முனையிலும் தாங்கிச் சாயும் மேசை) கை நுழைய இடம் இருக்காது.

தாடையின் மேல்முகம் பக்கத்துக்கு 10 மி.மீ. அகலம், அதற்கு வெளியே 45 டிகிரியில் கீழ்நோக்கிச் சரிகிறது. கழுத்து 35.4-உடன் இரண்டு 10 சேர்ந்தால் 55.4. ஜாப் 60. ஜாப்பின் நிழலுக்குள் தாடை ஒளிந்துகொள்வதால் கீழ் விளிம்பு வரை கட்டர் தடையின்றி இறங்குகிறது. ஃபிக்ஸ்சரின் மொத்த உயரம் 100 மி.மீ. இதைவிடக் குட்டையாக வைத்தால் 90 டிகிரியில் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கு மேசையைத் தேடிப் போகும்.

போல்ட் வாலுக்குக் கீழே இருப்பதால் ஒரு சிக்கல் வரும். இறுக்கும்போது தாடையின் அடி உள்ளே போய், தலை வெளியே சாயப் பார்க்கும். அதற்குத் தாடையின் அடியில் ஒரு குதிகால் (உடம்பில் ஊன்றி நிற்கும் புடைப்பு) விட வேண்டும். போல்ட் வாலுக்கு 12 மி.மீ. கீழே, குதிகால் போல்ட்டுக்கு 24 மி.மீ. கீழே என்றால் போல்ட் விசையில் மூன்றில் இரண்டு பங்கு வாலுக்குப் போகும். குதிகாலை இன்னும் கீழே தள்ளினால் பங்கு கூடும், ஃபிக்ஸ்சரின் உயரமும் கூடும்.

இன்னொரு முடிவு: ஜாப் எதன் மேல் உட்கார்வது? வாலின் அடி ஃபிக்ஸ்சர் தரையில் உட்காரலாம். அல்லது வாலின் இருபுறமும் உள்ள தோள்கள் தாடையின் மேல்முகத்தில் உட்காரலாம். இரண்டும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. தோளில் உட்கார வைத்தோம், தரையை 4.3 மி.மீ. ஆழத்தில் வெட்டி 0.3 இடைவெளி விட்டோம். தாங்கும் அகலம் 40லிருந்து 55 ஆகிறது. தாடையைத் தூக்கும் விசையும் அதே தாடையின் மேல்முகத்திலேயே முடிந்துவிடுகிறது. தரையில் உட்கார வைத்தால் அந்தத் தூக்கலை டவல் பின்கள் தாங்க வேண்டியிருக்கும், அவை அதற்கு ஏற்றவை அல்ல.

தாடையின் சாய்வு முகத்தையும் ஜாப்பின் வாலையும் ஒரே கட்டரால் வெட்டுவது நல்லது. கட்டர் 60க்குப் பதில் 59.7 டிகிரி இருந்தாலும் ஆணும் பெண்ணும் ஒத்துப்போகும். கட்டரை மாற்றினால் மார்க்கிங் புளூ (தொடுமிடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, முகம் முழுக்கப் படிகிறதா, விளிம்பில் மட்டும் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வால் வெட்டுவது

இது எந்த மூன்று அச்சு மில்லிலும் செய்யும் வேலை. கட்டையைத் தலைகீழாக வைஸில் கட்டி, முதலில் ஃபேசிங் (மேல்முகத்தைச் சமமாக்குவது). பிறகு 16 மி.மீ. எண்ட் மில்லால் இரு பக்கமும் 10 மி.மீ. அகலம், 4.00 ஆழம் எடுத்தால் 40 மி.மீ. மேடு நிற்கும். மேட்டின் மேல் விளிம்புகளில் 0.5 சேம்ஃபர் (விளிம்பைச் சரிவாகச் சீவுவது). இதை டவ்டெயில் கட்டருக்கு முன்பே போட்டுவிட்டால் பிசிறு குறைகிறது.

டவ்டெயில் கட்டர் 20 மி.மீ. விட்டம், நான்கு பல், கார்பைடு. அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 250 மீட்டர் வேகம், அதாவது ஏறக்குறைய 4000 ஆர்.பி.எம்.; பல்லுக்கு 0.04 வீதம் ஃபீடு 640 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கட்டர் என்றால் ஆர்.பி.எம்.மை நான்கில் ஒன்றாகக் குறைத்துத் தொடங்கலாம். பக்கத்துக்கு 2.31 மி.மீ. குடைவை 1.2, 0.8, 0.31 என்று மூன்று பாஸில் எடுத்தால் முகம் சுத்தமாக வருகிறது. கடைசிப் பாஸ் கிளைம்ப் மில்லிங் (பல் வெட்டும் திசையிலேயே ஜாப் நகர்வது). கடைசி நிலையில் கட்டர் மையம் ஜாப் மையத்திலிருந்து 27.69 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

கட்டரின் அகலமான பகுதி கீழே இருப்பதால், வெட்டுக்குள் இருக்கும்போது இசட்டில் (செங்குத்து அச்சில்) மேலே தூக்கினால் வால் பிய்ந்து போகும், கட்டர் முனையும் சேர்ந்து போகும். கட்டர் பாதையை எழுதும் கேம் மென்பொருள்கள் பாஸுக்கு இடையில் தாமாகவே ரிட்ராக்ட் (கட்டரை மேலே தூக்கும் அசைவு) போடும் பழக்கம் உள்ளவை. இசட் அசைவு ஒவ்வொன்றும் ஜாப்புக்கு வெளியே நடக்கிறதா என்று சிமுலேஷனில் வரிவரியாகப் பார்க்க வேண்டும். நுழைவதும் வெளியேறுவதும் கட்டையின் முனைக்கு 12 மி.மீ. அப்பால்.

இசட் ஆழத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. எண்ட் மில் 4.00 எடுத்த இடத்தில் டவ்டெயில் கட்டர் 3.97ல் நின்றால் கழுத்தை ஒட்டி 0.03 மி.மீ. படி நிற்கும், ஜாப் அந்தப் படியில் உட்கார்ந்து ஆடும். எனவே டவ்டெயில் கட்டரை 4.03க்கு இறக்குவது பாதுகாப்பு. கட்டர் முனையின் 0.2 முதல் 0.4 வரையிலான ரேடியஸ் கழுத்து மூலையில் மிஞ்சும், அதற்காகத் தாடையின் மேல் உள் விளிம்பில் 0.6 சேம்ஃபர் வேண்டும்.

நீளவாக்கில் வாலைப் பிடிப்பது வெறும் உராய்வுதான். அதனால் நிலையான தாடையின் நடுவில் 6 மி.மீ. டவல் பின் ஒன்றை நிறுத்தி, வாலில் அதற்கு 6.05 மி.மீ. அகலக் காடி வெட்டினோம். ஜாப் நகராது, திருப்பிக் கட்டும் தவறும் நேராது.

அளப்பது

வெர்னியரால் வாலின் கழுத்தை நேராக அளக்க முடியாது. இரண்டு 3 மி.மீ. பின்களைத் தோளுக்கும் சாய்வுக்கும் இடையிலுள்ள மூலைகளில் வைத்து, வெளியே மைக்ரோமீட்டர் பிடிக்க வேண்டும். 60 டிகிரிக்கு, கழுத்து அகலத்தோடு பின் விட்டத்தின் 2.732 மடங்கைக் கூட்டினால் வர வேண்டிய அளவு. கழுத்து 40 − 4.62 = 35.38, அதோடு 8.20 சேர்த்தால் 43.58 மி.மீ. பின் சாய்வைத் தொடும் உயரம் 2.25 மி.மீ., 4 மி.மீ. வாலுக்குச் சரியான இடம். 6 மி.மீ. பின் வைத்தால் தொடுமிடம் 4.5 மி.மீ.க்கு ஏறிவிடும், வாலைத் தாண்டி விளிம்பில் முட்டும், அளவு பொய்யாகும்.

இந்த 43.58க்கு ±0.05 டாலரன்ஸ் தாராளமாகப் போதும். இதை நம்பப் பலருக்கு மனம் வருவதில்லை. ஐந்து பக்கமும் ஒரே பிடியில் வெட்டப்படுவதால் வாலின் அகலம் மாறினால் நகர்வது கச்சாக் கட்டை மட்டுமே; பக்கத்துக்கு 0.5 மி.மீ. மிச்சம் இருந்தால் அது அடிபட்டுப் போகும். தோள்களின் சமதளம் மட்டும் அப்படி அல்ல. இரண்டு தோளும் ஒரே இசட்டில், ஒரே கட்டரால், இடையில் எதையும் தொடாமல் வர வேண்டும்.

இறுக்குவது

எம்8 போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு) கொடுத்தால் தோராயமாக 12.5 கிலோ நியூட்டன், இரண்டுக்கும் 25. குதிகால் கழிந்து வாலுக்கு வருவது சுமார் 16.7. கீழ்நோக்கிய இழுப்பு இரு முகமும் சேர்ந்து 13 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 1.3 டன். ஜாப்பின் உச்சியில், 50 மி.மீ. உயரத்தில், 800 நியூட்டன் வெட்டு விசை வந்தாலும் கவிழ்க்கும் திருப்பம் 40 நியூட்டன் மீட்டர்தான். தோளின் வெளி விளிம்பு மையத்திலிருந்து 27 மி.மீ. தள்ளி இருப்பதால் தாங்கும் திருப்பம் 350ஐத் தொடுகிறது. 4 மி.மீ. போதுமா என்ற பயம் இந்த இடத்தில் தீர வேண்டும்.

பயப்பட வேண்டியது குட்டை ஜாப்புக்கு. 80 மி.மீ. நீள வாலில் முகத்தின் அழுத்தம் சுமார் 55 மெகா பாஸ்கல். அதே டார்க்கை 20 மி.மீ. நீள ஜாப்புக்குக் கொடுத்தால் 220ஐத் தாண்டும். 6061-டி6-இன் ஈல்டு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 276 சுற்றி. வால் விளிம்பு பளபளவென்று நசுங்கி, வெட்டும் நடுவில் பிடி தளரும். நீளம் பாதியானால் டார்க்கும் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். சாய்வு முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் இழுப்பு கூடும். தோளில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

இறுக்கும் முன் நான்கு தோள் மூலைகளிலும் மெல்லிய காகிதத் துண்டு ஒவ்வொன்று வைத்து, இறுக்கியபின் இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. நான்கும் கிழிய வேண்டும். ஒன்று உருவிக்கொண்டு வந்தால் அந்த மூலை தூக்கி நிற்கிறது. தொண்ணூறு சதம் காரணம் சீவல் அல்லது காடியின் பிசிறு. ஒரு தோளின் கீழ் 0.1 மி.மீ. சீவல் சிக்கினால் 50 மி.மீ. உயரத்தில் ஜாப்பின் தலையும் ஏறக்குறைய 0.1 சாயும். தாடை மேல்முகத்தின் நடுவில் 4 மி.மீ. அகல வடிகால் காடி ஒன்று வெட்டிய பிறகு கூலன்ட்டோடு சீவல் தானாக வெளியேறுகிறது.

வாலை எடுப்பது

ஐந்து பக்கமும் முடிந்ததும் ஜாப் 1 மி.மீ. அடிப்பாகத்தோடு வாலில் நிற்கும். பக்கவாட்டில் ஸ்லிட்டிங் சா (மெல்லிய வட்ட ரம்பம்) விட்டு அதே பிடியில் அறுக்கலாம்தான், ஆனால் முடியும் தறுவாயில் பிடிமானம் போய் ஜாப் அதிரும், சில சமயம் பறக்கும். சாஃப்ட் தாடையில் (வேண்டிய வடிவில் வெட்டிக்கொள்ளும் மென்மையான தாடை) ஜாப்பின் வடிவத்தை 3 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, தலைகீழாக உட்கார வைத்து, வாலை ஃபேசிங்கில் எடுப்பதே நம்பகமானது. வாலை ஒரே வெட்டில் எடுக்காமல் கடைசி 0.3 மி.மீ.யை விட்டு, தாடையைத் தளர்த்தி, மெதுவாக மறுபடி இறுக்கி முடித்தால் மெல்லிய சுவருள்ள ஜாப்களில் உள் இறுக்கம் விடுபட்டு அடி சமமாக வருகிறது.

அடுத்து இ.என்.8 எஃகுக் கட்டை. வால் அளவு மாறாது. கார்பைடு கட்டரை 80 மீட்டர் வேகத்துக்கு, அதாவது 1270 ஆர்.பி.எம்.முக்கு இறக்கி, பல்லுக்கு 0.02 ஃபீடில் பாஸ்களை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். முனை உடைவது பெரும்பாலும் நுழையும்போதுதான் என்பதால் முதல் 5 மி.மீ.க்கு ஃபீடு பாதி.